கூலிக் கணக்கில் விடுபட்ட உழைப்பு

(எருமப்பட்டியில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



"குடும்ப விஷயத்தை மேடையில் பேசுவானேன்? கூலி, போனஸ், வீட்டுமனை என்று பேசவேண்டியது எவ்வளவோ கிடக்கிறதே!" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கூலியைப் பற்றிப் பேசுவதற்காகத்தான் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறேன். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

1957 ஜூலையில் டில்லியில் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. சர்க்காரும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு விதி வகுத்தார்கள். கூலிப் பேச்சுவார்த்தை என்றால் சங்கங்கள் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிற விதி அது. ஒரு குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவர். உண்பவர் மூன்று அலகு. ஆணுக்கு 1, மனைவிக்கு 0.8, இரண்டு குழந்தைகளுக்குத் தலைக்கு 0.6. கூட்டினால் 3. ஆளுக்கு வருஷத்துக்கு 18 கெஜம் துணி, நாலு பேருக்கு 72 கெஜம். விறகு, விளக்கு, இதர செலவுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். மனைவி மக்கள் சம்பாதிப்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அன்றைய நிலைமையில் இது தொழிலாளி வர்க்கத்துக்குக் கிடைத்த பெரிய பிடிமானம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள் ஒரு குடும்பச் சித்திரம் ஒளிந்திருக்கிறது. அரிசிக்குக் காசு எழுதியிருக்கிறது; அரிசியைச் சோறாக்குகிற கைக்குக் காசு எழுதவில்லை. துணிக்கு உண்டு, துவைக்கிற கைக்கு இல்லை. விறகுக்கு உண்டு, அடுப்பூதுகிறவளுக்கு இல்லை. அவள் வயிறு மட்டும் ஆணின் வயிற்றைவிடச் சிறியது என்று எழுதியிருக்கிறது!

ஏன் இப்படி? குடும்பம் என்றால் என்ன, அதில் பெண் ஏன் தாழ்ந்து கிடக்கிறாள் என்பது பற்றி அறிஞர்கள் ஒருவரோடொருவர் மோதியிருக்கிறார்கள். அவற்றில் நாலு வாதங்களை நம் வீட்டு வாசலில் நிறுத்தி உரசிப் பார்ப்போம்.

ஆளுக்கொரு வேலை என்கிற வாதம்

அமெரிக்காவில் டால்காட் பார்சன்ஸ் என்று ஒரு சமூகவியல் பேராசிரியர் இருந்தார். 1955ல் ராபர்ட் பேல்ஸ் என்பவரோடு சேர்ந்து குடும்பத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய அபிப்பிராயம் சுருக்கமாக இதுதான்: சமுதாயம் ஓர் உடல் மாதிரி, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை. கணவன் வெளியே போய்ப் பொருளீட்டுகிறான். மனைவி வீட்டில் அன்பையும் அமைதியையும் காக்கிறாள், குழந்தையை மனிதனாக்குகிறாள். களைத்து வருகிறவன் வீட்டில் தெம்பு பெற்று மறுநாள் வேலைக்குப் போகிறான்.

இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரவு ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசியோடு வருகிறவனுக்கு வீடு இல்லையென்றால் எத்தனை நாள் தாங்குவான்? வேலைநிறுத்த காலத்தில் நம்மை நிற்க வைத்தது எது? சங்க நிதியோடு வீட்டு அடுப்பும் அல்லவா!

ஆனால், தெம்பு பெற்று வருகிறவனைப் பற்றிச் சொன்ன பேராசிரியர், தெம்பு கொடுக்கிறவளுக்கு யார் தெம்பு கொடுப்பது என்று கேட்கவில்லை. மேலும் அவர் பார்த்தது அமெரிக்க நடுத்தர வர்க்கத்து வீட்டை. கொல்லிமலை அடிவாரத்து வீட்டை அவர் பார்த்ததில்லை. இங்கே குச்சிக்கிழங்குக் காட்டிலும் வெங்காயக் காட்டிலும் குனிந்து நிற்பது யார்? பொருளீட்டுகிறவன் ஆண், வீட்டைக் காப்பவள் பெண் என்கிற கோடு விவசாயத் தொழிலாளி வீட்டில் என்றைக்கும் இருந்ததில்லை. இங்கே பெண் இரண்டையும் செய்கிறாள். ஆண் ஒன்றைச் செய்கிறான்.

ஜோன் மென்ச்சர் என்ற ஆராய்ச்சியாளர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெல் விளையும் கிராமங்களில் நிலமற்ற குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்து 1988ல் வெளியிட்டார். பெண் வாங்குகிற கூலி குறைவு; ஆனால் வாங்கியதை ஏறக்குறைய முழுவதும் வீட்டுக்கே கொடுக்கிறாள். ஆண் வாங்குகிற கூலி அதிகம்; அதில் தனக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறான். அந்தப் பங்கு டீக்கடைக்கும் சாராயக் கடைக்கும் போகிறது என்பதை ஆராய்ச்சியாளர் வந்துதான் நமக்குச் சொல்லவேண்டுமா?

சொத்து என்கிற வாதம்

இரண்டாவது வாதம் நம்முடைய ஆசான் எங்கெல்ஸ் 1884ல் எழுதியது. குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய அந்த நூலை நம்மில் பலர் வகுப்பில் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த நூலுக்குள் தமிழ் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

எங்கெல்ஸ் ஆதாரமாகக் கொண்டது மார்கன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரின் நூலை. மார்கன் நியூயார்க் பகுதியில் செனகா என்ற செவ்விந்தியக் குடியினரின் உறவு முறைகளை ஆராய்ந்தார். அப்பாவின் அண்ணன் தம்பியையும் அப்பா என்றே அவர்கள் அழைக்கிறார்கள். அம்மாவின் உடன்பிறந்தவனுக்கு மட்டும் தனிச் சொல். நம் நாட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கப் பாதிரியாரிடமிருந்து தமிழ் உறவுச் சொற்களை வாங்கிப் பார்த்தபோது மார்கன் அதிசயித்துப் போனார். நாம் பெரியப்பா, சித்தப்பா என்கிறோம். அவர்கள் அப்பா வரிசை. மாமன் வேறு வரிசை. மாமன் மகள் முறைப்பெண். 200க்கும் மேற்பட்ட உறவுகளில் தமிழரும் செனகாவினரும் ஒத்துப் போவதை எங்கெல்ஸும் தம் நூலில் எடுத்துக் காட்டினார்.

இதிலிருந்து எங்கெல்ஸ் வந்த முடிவு என்ன? குடும்பம் கடவுள் கட்டிய வீடல்ல. அது காலத்துக்குக் காலம் மாறி வந்தது. மந்தையும் நிலமும் ஆணின் தனிச்சொத்தான பிறகு, அதைத் தன் சொந்த வாரிசுக்கே விட வேண்டும் என்று வந்தபோது, பெண்ணைப் பூட்டி வைக்கும் குடும்பம் வந்தது. ஆதியில் எங்கும் தாய்வழிதான் இருந்தது என்று மார்கன் சொன்னதைப் பிற்கால மானிடவியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் குடும்பத்துக்கு ஒரே வடிவம் கிடையாது என்பது நிலைத்து நிற்கிறது. தமிழரையே பாருங்கள். இலங்கையில் மட்டக்களப்புத் தமிழர்களிடையே குடி என்பது தாய்வழியில் வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறான். நம் தலைக்கு மேலே கொல்லிமலையில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசம் கொடுப்பது நெடுங்கால வழக்கம். சமவெளியிலும் உழைக்கும் சாதிகள் பலவற்றில் பரிசம்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் வரதட்சிணை வந்தது பிற்பாடு. திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, முறைமாமன் கலியாணம் குறைந்து வரதட்சிணை ஏறிய கதையை 1995ல் கரின் கபாடியா நூலாக எழுதினார். கையில் காசும் உத்தியோகமும் வந்த மாப்பிள்ளைக்கு விலை வந்தது, பெண் பாரமானாள்.

பாரமானால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சேலமே சாட்சி. 1991 ஜனத்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தன. மறுவருஷம், 1992ல், தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது. பெற்ற குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகும்படி சர்க்காரே சொல்லவேண்டி வந்தது!

சொத்தில் பங்கு வேண்டும் என்று 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு கேட்டது. 60 வருஷம் கழித்து 1989ல் தமிழ்நாடு மகளுக்குப் பிதுரார்ஜித சொத்தில் சம பங்கு தந்தது. 2005ல் நாடு முழுதும் வந்தது. 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், 2005க்கு முன்பே தகப்பன் இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று உறுதி செய்தது. சட்டம் வந்துவிட்டது; ஆனால் சார்பதிவாளர் ஆபீசில் என்ன நடக்கிறது? அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு சேலையோடு திரும்புகிறாள். "பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைந்து போகும்" என்பது அவள் பயம். அந்தப் பயத்தைப் பத்திரத்தில் எழுதுவதில்லை.

இந்த வாதம் பலமானது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சொத்தே இல்லாத வீட்டில் என்ன? சொத்து இல்லாததாலும், ஆலைத் தொழில் பெண்ணையும் வெளியே இழுத்து வருவதாலும், பாட்டாளி வீட்டில் ஆணாதிக்கத்துக்கு அஸ்திவாரம் போய்விடும் என்று எங்கெல்ஸ் எதிர்பார்த்தார். ஒரு சென்ட் நிலம் இல்லாத நம் வீடுகளில் கை ஓங்குவது ஏன்? சொத்து மட்டுமே காரணம் என்றால் நம் காலனியில் பெண்ணடிமை இருக்கவே கூடாதே!

வீட்டு உழைப்பு என்கிற வாதம்

இந்த இடத்தில்தான் மூன்றாவது வாதம் வருகிறது. அதைக் கொண்டு வந்தவர்கள் பெண்கள். 1972ல் இத்தாலியின் மரியாரோசா டல்லா கோஸ்டாவும் செல்மா ஜேம்ஸும் கேட்டார்கள்: ஆலைக்கு வருகிற உழைப்புச் சக்தி எங்கே உற்பத்தியாகிறது? அடுப்படியில் உற்பத்தியாகிறது. முதலாளி ஒரு ஆளுக்குக் கூலி கொடுத்து இரண்டு பேர் உழைப்பை எடுத்துக் கொள்கிறான். 1974ல் ஆன் ஓக்லி என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர், லண்டனில் 40 இல்லத்தரசிகளிடம் கேட்டு, அவர்கள் வாரத்துக்குச் சராசரி 77 மணி நேரம் வீட்டு வேலை செய்கிறார்கள் என்று கணக்குக் காட்டினார்.

நம் நாட்டுக் கணக்கு என்ன? 2024ல் மத்திய சர்க்காரே எடுத்த நேரக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண் நாளுக்கு 289 நிமிஷம் செய்கிறாள். வீட்டு வேலை செய்கிற ஆண் 88 நிமிஷம். "செய்கிற ஆண்" என்பதைக் கவனியுங்கள். 2019 கணக்கெடுப்பில், 100 பெண்களில் 81 பேர் வீட்டு வேலை செய்தார்கள். 100 ஆண்களில் 26 பேர்தான் செய்தார்கள். மற்ற 74 பேருக்குத் தட்டு தானாக வந்து தானாகக் கழுவிக் கொண்டது போலும்!

289 நிமிஷத்தை 365ஆல் பெருக்குங்கள். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றுங்கள். வருஷத்துக்கு சுமார் 220 முழு நாள் வேலை. ஒரு நாளுக்கும் மஸ்டர் ரோலில் பெயர் இல்லை. 2001 ஜனத்தொகைக் கணக்கில் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து "வேலை செய்யாதோர்" வரிசையில் போட்டிருந்தார்கள். 2010ல் சுப்ரீம் கோர்ட்டே இதைக் கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை ஹைகோர்ட், கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைக் காத்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தது. நாளுக்கு 33 ரூபாய். தொகை சிறிது, ஆனால் அதற்கு உதவி என்று பெயர் வைக்காமல் உரிமை என்று வைத்ததில் ஒரு பொருள் இருக்கிறது.

அப்படியானால் வீட்டு வேலைக்குக் கூலி கேட்பதுதான் வழியா? நம் முகாமிலேயே இதில் விவாதம் உண்டு. கூலி கொடுத்து அவளை அடுப்போடு கட்டிப்போட்டு விடுவார்கள் என்று அமெரிக்க கறுப்பினப் போராளி ஏஞ்சலா டேவிஸ் 1981ல் எழுதினார். பொதுச் சமையற்கூடமும் குழந்தைக் காப்பகமும்தான் விடுதலையின் விதை என்று லெனின் 1919லேயே எழுதினார். தமிழ்நாட்டுக்கு இது அந்நியமல்ல. 1982ல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பள்ளிப் பிள்ளையின் இரண்டு வேளைச் சாப்பாட்டைத் தாயின் தோளிலிருந்து இறக்கின. ஆறு மணிக்குக் காட்டு வேலைக்குப் போகும் தாயைக் கேளுங்கள், அதன் அருமை தெரியும். ஆனால் ஒன்று: வீட்டு வேலை வெளியே வந்த பிறகும் அதைச் செய்கிறவள் பெண்தான். அங்கன்வாடி ஊழியருக்கு டில்லி இன்னும் "கௌரவ ஊதியம்" என்றுதான் எழுதுகிறது. கௌரவத்தை உலையில் போட முடியுமா?

சாதி என்கிற வாதம்

நாலாவது வாதம் நம் மண்ணுக்கே உரியது. 1916 மே மாதம் அமெரிக்காவின் கொலம்பியா சர்வகலாசாலையில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் ஒரு கட்டுரை படித்தார். சாதி உயிரோடிருப்பது அகமணத்தால். அகமணத்தைக் காப்பது பெண்ணின் மீதான காவலால். பால்ய விவாகம், விதவைக் கொடுமை, உடன்கட்டை எல்லாம் அந்தக் காவலின் கருவிகள் என்று அவர் காட்டினார்.

2015 ஜூனில் திருச்செங்கோட்டுக் கோயிலுக்கு வந்த ஒரு தலித் இளைஞர், வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒரு பெண் யாரோடு பேசுகிறாள் என்பது ஒரு சாதியின் சொத்து விவகாரம் ஆனதால்தான் அந்தக் கொலை நடந்தது.

சாதியை விட்டுவிட்டால் நாமும் தவறான முடிவுக்கு வருவோம். "வேலைக்குப் போனால் பெண் விடுதலை பெறுவாள்" என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். 1981 முதல் 2009 வரை திருப்பூர் வட்டாரக் கிராமங்களைத் தொடர்ந்து ஆராய்ந்த ஜூடித் ஹேயர், புருஷன் கூலி உயர்ந்ததும் தலித் பெண்கள் பலர் காட்டு வேலையை விட்டு வீட்டில் இருக்கத் தொடங்கியதைக் கண்டார். பார்சன்ஸ் சொன்ன மாதிரி ஆகிவிட்டதா? இல்லை. பண்ணையக்காரர் காட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டு குனிந்தவளுக்கு, தன் பிள்ளைக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பும் நேரமே ஒரு விடுதலைதான். ஆனால் கையில் சொந்தக் காசு இல்லாததால் புருஷனைச் சார்ந்திருப்பதும் கூடுகிறது. எந்த வேலை, யார் காட்டில், என்ன மரியாதையோடு என்று கேட்காமல் வேலை என்றாலே விடுதலை என்று சொல்லிவிட முடியாது.

நாலும் கூடும் இடம்

நாலு வாதமும் ஒரே இடத்தில் கூடுவதைப் பார்க்க வேண்டுமா? பஞ்சாலைத் தோழர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். சுமங்கலித் திட்டம்!

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், நாமக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் இது பரவியது. வறண்ட மாவட்டங்களிலிருந்து வயசுப் பெண்களைக் கொண்டு வந்து ஆலை வளாகத்து விடுதியில் வைத்தார்கள். மூன்று வருஷம் வேலை செய்தால் முடிவில் மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம். கலியாணத்துக்கு ஆகும் என்றார்கள். அந்தப் பணம் அவள் சம்பளத்தில் பிடித்து வைத்ததுதான்! இடையில் நோய் வந்து வெளியேறியவளுக்கு அதுவும் கிடைக்காமல் போனது உண்டு. 2011ல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இதை அறிக்கையாக வெளியிட்ட பிறகுதான் உலகம் கண் திறந்தது.

கூர்ந்து பாருங்கள். வரதட்சிணை 1961லேயே சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆனால் அந்த வழக்கத்தை வைத்தே ஆலை தனக்கு ஆள் பிடித்தது. "பொம்பளைப் பிள்ளை, கேட்டுக்குள்ளே பத்திரமாக இருக்கும்" என்ற பெற்றோரின் சாதி மானப் பயம் விடுதிச் சுவராயிற்று. "எப்படியும் கலியாணமாகிப் போகிறவள்" என்ற நினைப்பு அவளை நிரந்தரத் தொழிலாளி ஆகாமல் தடுத்தது. எதிர்த்துப் பேசாதே என்று வீட்டில் படித்த பாடம் மேஸ்திரிக்கு உதவியது. இதனால் யார் கெட்டார்கள்? அவள் மட்டுமா? நிரந்தர வேலையில் இருந்த ஆண் தொழிலாளியின் இடத்துக்கும் அவளைக் காட்டித்தானே ஆப்பு வைத்தார்கள்! வீட்டில் பெண்ணை மலிவாக்கியவன், ஆலையில் தன் கூலியையும் மலிவாக்கிக் கொண்டான். நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இதுதான், தோழர்களே.

என்ன செய்ய வேண்டும்?

ஆணை எதிரியாக்கும் பேச்சு இது என்று நினைக்க வேண்டாம். முதலாளி கொடுக்காத கூலியை வீட்டுப் பெண் தன் உடம்பால் ஈடு கட்டுகிறாள். அதைப் பார்த்தும் பாராதது போல் இருக்கிற ஆண், முதலாளிக்குச் சம்பளமில்லாத மேஸ்திரி வேலை பார்க்கிறான். அந்த மேஸ்திரி வேலையைத்தான் ராஜினாமா செய்யச் சொல்கிறேன்.

ஆகவே சில காரியங்களைச் சொல்கிறேன். களையெடுப்பும் நடவும் "பொம்பளை வேலை", அதற்குக் கூலி குறைவு என்கிற பேச்சை நம் சங்கம் பேரத்தில் ஏற்கக் கூடாது. சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்தது. நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுத்துக் காட்டியதும் இதே ஊரில்தான். அங்கே நடந்தது வெங்காயக் காட்டில் ஏன் நடக்காது? ஆலையிலும் கோழிப் பண்ணையிலும் குழந்தைக் காப்பகம் கேட்போம். அதைக் கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரியில் போட்டு, முதல் சுற்றுப் பேச்சுவார்த்தையிலேயே விட்டுக் கொடுப்பதை நிறுத்துவோம். வீட்டுமனைப் பட்டா கேட்கிறபோது பெண் பெயரிலோ இருவர் பெயரிலோ கேட்போம். மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற அண்ணன் நம் சங்கத்து உறுப்பினராக இருந்தால், அவரிடம் சங்கம் பேச வேண்டும்.

இன்னொன்று. கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை, அவர்களுக்கு அரசியல் உணர்வு போதாது என்கிறோம். கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கிறோம்? மாலை ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் அடுப்பில் என்ன இருக்கிறது? தோழர் கூட்டத்தில் வர்க்கப் போராட்டம் கேட்டுக்கொண்டிருக்க, அவர் சாப்பிடப் போகும் சோறு அங்கே வெந்துகொண்டிருக்கிறது. அடுத்த கூட்டத்தை ஞாயிறு பகலில் வைப்போம். அன்றைக்குச் சமையல் ஆண் தோழர்களுடையது. உப்புக் கூடினாலும் பரவாயில்லை!

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் நான் சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு அவளுக்கு எத்தனை நிமிஷம், உங்களுக்கு எத்தனை நிமிஷம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடு வாருங்கள். பெண்களையும் உட்கார வைத்து, அதை வைத்தே நம் அடுத்த கோரிக்கைப் பட்டியலைத் தயாரிப்போம்.